பொய்ச்சாட்சியால் ஃபலஸ்தீனுக்கு நீதி கிடைக்காது



ஆங்கில இலக்கியம் பயிலும் என் மகள், தன் பாடநூலான ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைக் கூடத்து மேசையில் வைத்துவிட்டு அஸர் தொழச் சென்றிருந்தாள். வீட்டுக்கு வந்திருந்த எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்தார். "யூதர்கள் கட்டிவிட்ட கதையை நம் பிள்ளை ஏன் படிக்க வேண்டும்? இது போருக்குப் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதப்பட்டது என்று நிரூபணமாகிவிட்டதே" என்றார். தொழுதுவிட்டு வந்த மகள் என் முகத்தைப் பார்த்தாள். "வாப்பா, பெரியவாப்பா சொல்வது உண்மையா?" என்று கேட்டாள். பெரியவரை மறுத்துப் பேசத் தயங்கிய நான், பிறகு பேசுவோம் என்று சொல்லி நழுவிவிட்டேன். அந்த மௌனம் தவறு. அந்தத் தவற்றைத் திருத்திக்கொள்ளவே இதை எழுதுகிறேன். நம் வீடுகள் பலவற்றில் இதே பேச்சு நடக்கிறது என்பதால் உங்கள் முன் வைக்கிறேன்.

பேனாவின் கதை

முதலில் அந்தப் பேனாவை எடுத்துக்கொள்வோம். 1942 ஜூன் 12 அன்று, தன் பதின்மூன்றாம் பிறந்தநாளில், ஆம்ஸ்டர்டாம் நகரில் ஆன் அந்தக் குறிப்பேட்டைப் பெற்றாள். அடுத்த மாதமே குடும்பம் தலைமறைவானது. 1944 மார்ச்சில், லண்டனிலிருந்த நாடுகடந்த நெதர்லாந்து அரசின் அமைச்சர் ஒருவர் வானொலியில் பேசினார். போர் முடிந்ததும் மக்களின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் திரட்டப்படும் என்றார். அதைக் கேட்ட அச்சிறுமி, நூலாக வரும் என்ற நம்பிக்கையில் தன் குறிப்புகளைத் தனித்தாள்களில் திருத்தி எழுதத் தொடங்கினாள். ஆகஸ்ட் 4 அன்று எல்லோரும் பிடிபட்டனர். 1945இன் தொடக்கத்தில், பதினாறு வயது நிறையுமுன், பெர்கன்-பெல்சன் முகாமில் அவள் இறந்தாள். மறைந்திருந்த எட்டுப் பேரில் உயிர் மீண்டவர் அவளுடைய தந்தை மட்டுமே. நூல் 1947இல் வெளிவந்தது.

நெதர்லாந்தின் போர் ஆவண நிறுவனம் இந்த நாட்குறிப்பின் தாள், மை, கையெழுத்து அனைத்தையும் தடயவியல் சோதனைக்கு உட்படுத்தி, முடிவுகளை 1986இல் மூலப்பாடத்துடன் வெளியிட்டது. பால்பாயிண்ட் மை இருந்தது, தாள்களுக்கிடையே கிடந்த இரண்டு துண்டுச் சீட்டுகளில் மட்டுமே. அவை ஆனின் கையெழுத்தும் அல்ல, நாட்குறிப்பின் பகுதியும் அல்ல. அந்த இரண்டு சீட்டுகளை வைத்துக்கொண்டு நூல் முழுவதும் பொய் என்று ஐரோப்பாவில் பரப்பியவர்கள் நாஜி அனுதாபிகள். அவர்கள் சமைத்த விஷத்தை நாம் வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கூட்டம் முஸ்லிம்களையும் வெறுக்கும் கூட்டம் என்பதையேனும் நாம் எண்ணிப் பார்த்தோமா?

இஸ்னாதைக் கற்ற சமுதாயம்

ஒரு பாவி செய்தி கொண்டுவந்தால் தீர விசாரிக்குமாறு சூரா அல்-ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. ஒரு ஹதீஸை ஏற்குமுன் அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்து, ஒவ்வொருவரின் நேர்மையையும் நினைவாற்றலையும் எடைபோட்டவர்கள் நம் இமாம்கள். மனித சாட்சியத்தை இவ்வளவு நுணுக்கமாகச் சோதித்த மரபின் வாரிசுகள், யார் எழுதியது என்றே தெரியாத ஒரு செய்தியை விசாரணையின்றி ஏற்பது எவ்வளவு பெரிய வீழ்ச்சி!

விசாரித்தால் என்ன கிடைக்கும்? பாதிக்கப்பட்டவர்களின் சாட்சியம் ஒருபுறம் இருக்கட்டும், கொன்றவர்களின் வாக்குமூலமே கிடைக்கிறது. 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் வான்சே பகுதியில் நாஜி அதிகாரிகள் கூடிப் பேசிய கூட்டத்தின் குறிப்பு, ஐரோப்பாவின் 1 கோடியே 10 லட்சம் யூதர்களை நாடுவாரியாகப் பட்டியலிடுகிறது. 1943 அக்டோபரில் போசன் நகரில், யூத இனத்தை அழித்தொழிப்பதைப் பற்றி ஹிம்லர் தன் அதிகாரிகளிடம் பேசிய பேச்சின் ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. ஆஷ்விட்ஸ் முகாமின் தலைவனாக இருந்த ருடால்ஃப் ஹோஸ் 1946இல் நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் நேரில் ஒப்புக்கொண்டான். மறுப்பாளர்களுள் பெயர்பெற்ற டேவிட் இர்விங் தானே தொடுத்த அவதூறு வழக்கில், அவர் ஆதாரங்களை வேண்டுமென்றே திரித்தார் என்று லண்டன் நீதிமன்றம் 2000 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. சுமார் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். இதில் மறைக்கவோ மறுக்கவோ ஒன்றுமில்லை.

"அப்படியானால் ஃபலஸ்தீன்?"

இந்த இடத்தில் பலரும் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். காஸாவின் குழந்தைகளுடைய ஜனாஸாக்களைக் கண்டு நெஞ்சு கொதிக்கிறது. அந்தக் கொடுமையைக் கேள்வி கேட்டால் ஹோலோகாஸ்டைக் கேடயமாகத் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஆகவே அந்தக் கேடயத்தையே உடைத்துவிட்டால் என்ன என்று சிலர் எண்ணுகிறார்கள்.

கோபம் நியாயமானது, வழி அநியாயமானது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று சூரா அல்-மாயிதாவின் எட்டாம் வசனம் கட்டளையிடுகிறது. வெறுப்பே இல்லாத இடத்தில் அந்தக் கட்டளைக்கு வேலையில்லை. வெறுப்பு பொங்கும் இடத்துக்காகத்தான் அது இறங்கியது. சூரா அந்-நிஸாவின் 105ஆம் வசனம் முதலான வசனங்கள் இறங்கிய பின்னணியாகத் தஃப்ஸீர்களில் பரவலாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியை ஆலிம்களிடம் கேட்டுப் பாருங்கள். திருடியவன் முஸ்லிம்களைச் சேர்ந்தவன், பழி சுமத்தப்பட்டவர் ஒரு யூதர். குலத்தார் தம் ஆளைக் காக்க ஒன்றுகூடிப் பேசினார்கள். அந்த வேளையில், நிரபராதியான யூதர் மீதான பழியைத் துடைத்து வஹீ இறங்கியது. மதீனாவில் யூதக் குலங்களோடு பூசல் இருந்த காலம் அது. "இப்போது உண்மையைச் சொன்னால் எதிரிக்குச் சாதகமாகிவிடும்" என்ற கணக்கு அங்கே எடுபடவில்லை.

ஒரு ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். இறந்தவர் யூதர் என்று தோழர்கள் சொன்னபோது, அதுவும் ஓர் உயிரே என்பதை உணர்த்தினார்கள். ஒரு ஜனாஸாவுக்காக எழுந்து நின்ற நபியின் உம்மத், அறுபது லட்சம் ஜனாஸாக்கள் நடக்கவே இல்லை என்று சொல்லலாமா?

ஃபலஸ்தீனர்களே இதை நமக்கு முன்பே உணர்ந்தார்கள். 2001இல் ஹோலோகாஸ்ட் மறுப்பாளர்கள் பெய்ரூத்தில் மாநாடு கூட்ட முனைந்தபோது, அதைக் கண்டித்து அரபு அறிவாளர்கள் விடுத்த அறிக்கையில் ஃபலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் கையொப்பமிட்டார். மாநாடு நடக்கவில்லை. 1948இல் சொந்த ஊரை இழந்த குழந்தை அவர். தம் மக்களின் வழக்குக்குப் பொய் வலுச்சேர்க்காது என்று அவர் கண்டுகொண்டார். மறுபுறம், ஆஷ்விட்ஸிலிருந்து மீண்ட எழுத்தாளர் பிரீமோ லெவி 1982இல் இஸ்ரேல் லெபனான் மீது படையெடுத்ததை வெளிப்படையாகக் கண்டித்தார். ஹோலோகாஸ்டின் நினைவு எந்த அரசுக்கும் சொந்தமான சொத்தல்ல. அதை அநியாயத்துக்குக் கேடயமாக்குபவனை எதிர்க்கும் தகுதி, அதை உண்மையென்று ஏற்றவனுக்கே உண்டு.

அந்த நூல்களில் நமக்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. முதலாவது, சாட்சியத்தைப் பாதுகாக்கும் உறுதி. வார்சா கெட்டோவில் வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கல்புளும் ஒரு இரகசியக் குழுவைத் திரட்டினார். சனிக்கிழமைகளில் கூடிய அக்குழு, பிள்ளைகளின் கட்டுரைகள் முதல் ரேஷன் சீட்டு, டிராம் டிக்கெட், மிட்டாய்த் தாள் வரை அனைத்தையும் சேகரித்தது. தாங்கள் பிழைக்க மாட்டோம் என்று தெரிந்தபின், தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் வைத்து மண்ணுக்கடியில் புதைத்தார்கள். ஒரு பகுதி 1946இலும் மற்றொரு பகுதி 1950இலும் தோண்டியெடுக்கப்பட்டன. ரிங்கல்புளும் மனைவியோடும் மகனோடும் 1944 மார்ச்சில் கொல்லப்பட்டார். காகிதங்கள் பிழைத்தன. நம் மஹல்லாக்களில் நடந்த கலவரங்களுக்கும் இழப்புகளுக்கும் நாம் எத்தனை காகிதங்களைப் பாதுகாத்திருக்கிறோம் என்று கேட்டுக்கொள்வோம்.

இரண்டாவது, மொழியைப் பற்றிய எச்சரிக்கை. யூதக் குடும்பத்தில் பிறந்த விக்டர் கிளெம்பரர் டிரெஸ்டன் நகரில் பேராசிரியராக இருந்தவர். 1935இல் பதவி பறிக்கப்பட்ட பின், நாஜி ஆட்சி ஜெர்மன் மொழியை எவ்வாறு கெடுத்தது என்பதை நாள்தோறும் இரகசியமாகக் குறித்துவைத்தார். அந்த ஆய்வு 1947இல் நூலாயிற்று. வெறி என்பது பாராட்டுச் சொல்லாகியது. கொலைக்குச் "சிறப்பு நடவடிக்கை" என்று பெயர் வந்தது. ஒரு சமூகத்தையே "யூதன்" என்று ஒருமையில் பேசப் பழக்கினார்கள். முஸ்லிம்களைப் பற்றி இன்று புழங்கும் சொற்களைக் கேட்டு வருந்துகிறோமே, அந்த வருத்தத்துக்கு இந்நூல் அறிவைத் தரும். கூடவே நம்மையும் கேள்வி கேட்கும். கறிவேப்பிலை விலை ஏறினாலும் "யூதச் சதி" என்று சொல்லும் நம் நாக்குக்கு அதே நோய் இல்லையா?

மூன்றாவதைச் சொல்லும்போது என் கை நடுங்குகிறது. 1947இல் வெளிவந்த லெவியின் முதல் நூல் ஆஷ்விட்ஸ் முகாமைப் பற்றியது. பசியால் உடல் வற்றி, கண்ணொளி மங்கி, சாவதற்குக்கூட அஞ்சும் சக்தியற்றுப் போனவர்களுக்கு முகாமின் பேச்சுமொழியில் ஒரு பெயர் இருந்ததை அவர் பதிவுசெய்கிறார். அந்தப் பெயர் "முசல்மான்". முஸ்லிம் என்பதற்கான ஜெர்மன் சொல். ஏன் அப்படி அழைத்தார்கள் என்பதற்கு ஒருமித்த விளக்கம் இல்லை. விதிக்குத் தலைவணங்குபவர்கள் என்ற ஐரோப்பிய எண்ணம் காரணம் என்கிறார்கள் சிலர். நிற்க இயலாமல் குனிந்து கிடந்த தோற்றம் தொழுகையை நினைவூட்டியதால் என்கிறார்கள் வேறு சிலர். எதுவாயினும், ஐரோப்பா தன் யூதர்களைக் கொன்றபோது, சாகும் தறுவாயில் இருந்தவனுக்கு நம் பெயரைச் சூட்டியது. அந்த நூல்களை "நமக்குச் சம்பந்தமில்லாதவை" என்று தள்ளும் சகோதரரே, நம் பெயரே அதில் இருக்கிறது.

இன்னொன்றையும் லெவி எழுதியிருக்கிறார். முகாமில் பலருக்கும் ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்ததாம். வீடு திரும்பி, பட்ட துன்பத்தை வாய்விட்டுச் சொல்கிறார்கள். கேட்பவர்கள் அக்கறையின்றி முகம் திருப்பிக்கொள்கிறார்கள். மறுப்பவன் ஒவ்வொருவனும் அந்தக் கெட்ட கனவை நனவாக்குகிறான்.

நம் கணக்கேட்டையும் திறப்போம்

அந்தக் காலத்தில் முஸ்லிம்கள் எங்கே நின்றார்கள்? இரு பக்கமும் நின்றார்கள். ஜெரூசலத்தின் முஃப்தி அமீன் அல்-ஹுஸைனி 1941 நவம்பர் 28 அன்று பெர்லினில் ஹிட்லரைச் சந்தித்தார். போஸ்னிய முஸ்லிம்களைக் கொண்டு நாஜிகளின் எஸ்.எஸ். படைப்பிரிவு ஒன்று உருவானது. இவற்றை மறைக்கத் தேவையில்லை. அதே போஸ்னியாவின் சராயேவோவில் ஹர்தாகா என்ற முஸ்லிம் குடும்பம் தம் யூத அண்டைவீட்டாரைத் தம் இல்லத்தில் ஒளித்துவைத்தது. பெர்லினில் எகிப்திய மருத்துவர் முஹம்மது ஹெல்மி ஒரு யூதப் பெண்ணைப் போர் முடியும்வரை காத்தார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அல்பேனியாவில், 1943இல் ஜெர்மானியர் புகுந்த பின்னும் யூதர்களில் ஏறக்குறைய எல்லோரும் உயிர் தப்பினார்கள். ஹோலோகாஸ்டே பொய் என்றால் இவர்களின் தியாகமும் பொய்யாகிவிடும். மறுப்பாளர் இவர்களையும் சேர்த்தே புதைக்கிறார்.

1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொன்று குவிக்கப்பட்டார்கள். அது இனப்படுகொலையே அல்ல என்று இன்றும் பேசுவோர் இருக்கிறார்கள். எண்ணிக்கையைக் குறைப்பது, சாட்சிகளைப் பொய்யர் என்பது, சதி என்று சிரிப்பது ஆகிய மூன்றும் அவர்களுடைய முறை. அதைக் கேட்கும்போது நமக்கு இரத்தம் கொதிக்கிறது. ஸ்ரெப்ரெனிட்சாவின் தாய்மாருக்கு நாம் கேட்கும் நீதியை ஆஷ்விட்ஸின் தாய்மாருக்கு மறுத்தால், நம் நீதி நீதியல்ல, வெறும் குலப்பற்று.

என்ன செய்வது?

நம் பிள்ளைகள் இந்த இலக்கியத்தைப் படிக்கட்டும். பதின்ம வயதில் ஆன் ஃபிராங்க், சற்று முதிர்ந்தபின் லெவி, கிளெம்பரர். படித்துவிட்டு வீட்டில் பேசட்டும். கூடவே 1948இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபலஸ்தீனர்கள் வீடிழந்த நக்பாவின் எழுத்துகளையும் படிக்கட்டும். ஒன்று மற்றொன்றை அழிக்காது. குடும்பக் குழுக்களில் மறுப்புச் செய்தி வந்தால், அனுப்பியவர் எவ்வளவு மூத்தவரானாலும், மரியாதையோடு, ஆனால் தெளிவாக, இது பொய் என்று சொல்வோம். தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு சூரா அந்-நிஸாவின் 135ஆம் வசனம் சொல்வது இதற்கும் பொருந்தும்.

நானும் என் மகளிடம் பேசிவிட்டேன். பெரியவரிடமும் சென்று பேசினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், "அந்தப் பிள்ளைக்கு என்ன வயது?" என்று மட்டும் கேட்டார். பதினைந்து என்றேன். அவருடைய பேத்திக்கும் அதே வயது.

பொய்ச்சாட்சியிலிருந்து நம் நாவுகளை வல்ல அல்லாஹ் காப்பானாக. அநீதி இழைக்கப்பட்ட ஒவ்வோர் உயிருக்காகவும் நிற்கும் நெஞ்சுறுதியை நமக்குத் தருவானாக. ஆமீன்.