அந்தச் சிவப்பு நட்சத்திரம் யாருக்காக?

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் துறை)

காதல், கவிதை, கலாம் என்று ஆண்டு மலரில் எழுத நம் கல்லூரியில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. நான் எழுத வந்தது ஒரு கட்டத்தைப் பற்றி. ஆமாம், ஆன்லைன் விண்ணப்பத்தில் பெயரை நிரப்பச் சொல்கிறதே, அந்தச் சின்னக் கட்டத்தைப் பற்றித்தான். "இதுல எழுத என்னப்பா இருக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம்மில் எத்தனையோ பேரை அந்தக் கட்டம் அலைய விட்டிருக்கிறது.

கட்டத்தின் ஓரத்தில் சிவப்பாக ஒரு நட்சத்திரம் இருக்கும். நிரப்பாமல் விட்டால் அடுத்த பக்கம் போகாது. அதற்குப் பின்னால் ஹெச்.டி.எம்.எல்-லில் இருப்பது 'ரெக்வயர்டு' என்ற ஒரே ஒரு சொல். இப்படிப்பட்ட சொற்களுக்கு அட்ரிப்யூட், தமிழில் பண்பு, என்று பெயர். எத்தனை எழுத்து அடிக்கலாம் என்பதற்கு 'மேக்ஸ்லெங்த்'. எந்த மாதிரி எழுத்து என்பதற்கு 'பேட்டர்ன்'. தொடவே கூடாது என்றால் 'டிஸேபிள்டு'. மேக்ஸ்லெங்த் 1995-இல் வந்த ஹெச்.டி.எம்.எல் 2.0-விலேயே உண்டு. ரெக்வயர்டும் பேட்டர்னும் 2014-இல் தரமாக அறிவிக்கப்பட்ட ஹெச்.டி.எம்.எல் 5 தந்தவை.

பத்தாவது முடித்ததும் ஒரு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். 'லாஸ்ட் நேம்' என்ற கட்டத்தில் நட்சத்திரம்! எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து இன்ஷியல், அப்புறம் என் பெயர், அவ்வளவுதான். "ஏதாச்சும் போட்டாத்தான் தம்பி உள்ள விடும்" என்று பிரௌசிங் சென்டர் அண்ணன் அப்பா பெயரை முழுசாக அடித்தார். வேறொரு விண்ணப்பத்தில் வேறொருவர் வெறும் புள்ளி வைத்தார். கடைசியில் மூன்று காகிதத்தில் மூன்று பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அப்பா மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு என்னோடு அலைந்தார். எங்கள் வீட்டில் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். அதனால் எதிர்த்துக் கேட்கவும் யாருமில்லை.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்கள் அமெரிக்க விசா கேட்டால், முதற்பெயர்க் கட்டத்தில் 'எஃப்.என்.யூ' என்று போடச் சொல்கிறார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தமாம். பெயர் உள்ளவனுக்கே பெயர் தெரியவில்லை என்று சான்றிதழ்!

"அப்படியானால் நட்சத்திரத்தையே எடுத்துவிட்டால் போச்சு" என்று ஒரு நண்பன் சொன்னான். எனக்கு அதில் சம்மதமில்லை. குடும்பப் பெயர் உண்மையிலேயே உள்ளவர் அவசரத்தில் அதை விட்டுவிட்டால், அவருக்கும் நாளைக்கு நம்மைப் போலவே அலைச்சல்தான். எல்லோருக்கும் கட்டாயம் என்பதும் தப்பு, யாருக்குமே கட்டாயமில்லை என்பதும் தப்பு. ஆளுக்குத் தக்கபடி மாற வேண்டும். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். உருண்டை ஜாப்புக்கு மூன்று தாடை சக் போதும். கோணல்மாணலான ஜாப்பை அதில் மாட்ட முடியுமா? ஒவ்வொரு தாடையும் தனித்தனியாக நகரும் நாலு தாடை சக்தானே வேண்டும்!

இதைச் செய்வது பெரிய வித்தையும் இல்லை. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோ என்ற வெப் ஃபிரேம்வொர்க்கையே எடுத்துக் கொள்வோம். படிவத்தை ஒரு கிளாஸாக எழுதுகிறோம். அதில் எழுதிய கட்டங்கள் 'பேஸ் ஃபீல்ட்ஸ்' என்ற மூலப் பட்டியலில் இருக்கும். ஒவ்வொரு முறை படிவம் உருவாகும்போதும் அந்தப் பட்டியலைப் பிரதி எடுத்து 'ஃபீல்ட்ஸ்' என்று நம் கையில் கொடுக்கிறது. 'இனிட்' என்ற ஃபங்ஷனுக்குள், தாய் கிளாஸின் இனிட்டை முதலில் கூப்பிட்டுவிட்டு, அந்தப் பிரதியில் கை வைக்க வேண்டும். மூலப் பட்டியலில் கை வைத்தால், ஒருவருக்காகச் செய்த மாற்றம் அடுத்து வருகிறவர் தலையிலும் விடியும்.

"உங்கள் சான்றிதழில் குடும்பப் பெயர் இருக்கிறதா?" என்று முதலில் ஒரு கேள்வி கேட்போம். அந்தப் பதிலைப் படிவம் உருவாகும்போதே உள்ளே அனுப்ப வேண்டும். 'இல்லை' என்றால் லாஸ்ட் நேம் கட்டத்தின் ரெக்வயர்டைப் பொய் என்று வைத்துவிட வேண்டும். கவனியுங்கள்... திரையில் தெரியும் பண்பை அல்ல, கட்டத்தின் ரெக்வயர்டையே மாற்ற வேண்டும். 2016-இல் வந்த ஜாங்கோ 1.10 முதல், கட்டம் கட்டாயம் என்றால் ரெக்வயர்டு என்ற சொல்லை அதுவே திரையில் எழுதிவிடுகிறது. ஆகவே வேரில் மாற்றினால் இலையும் மாறும். இன்னொன்று, படிவம் இரண்டு முறை உருவாகிறது. காட்டும்போது ஒரு முறை, நிரப்பி அனுப்பியதும் ஒரு முறை. இரண்டு முறையும் அந்தப் பதிலைக் கொடுக்க வேண்டும். முதல் முறை மட்டும் கொடுத்தால், திரையில் 'பரவாயில்லை' என்று விட்டுவிட்டு சர்வரில் நம்மைத் திருப்பி அனுப்பும்!

நம்மில் சிலர் குறுக்கு வழியாக ஜாவாஸ்கிரிப்டில் அந்தச் சொல்லை மட்டும் பிரௌசரில் அழித்துவிடுகிறார்கள். நட்சத்திரம் மறையும். ஆனால் சர்வருக்கு அது தெரியாதே! பண்பு என்பது வாசலில் தொங்கும் போர்டு, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் ஆபீசர் சர்வர். போர்டை எவனும் கழற்றலாம், பிரௌசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்தால் இரண்டு நிமிஷ வேலை. வரிசை எண் கட்டத்தைப் பூட்ட டிஸேபிள்டு என்று டெம்ப்ளேட்டில் மட்டும் எழுதினால் பூட்டிய மாதிரிதான் தெரியும், பூட்டியிருக்காது. கட்டத்திலேயே டிஸேபிள்டு என்று சொல்ல ஜாங்கோ 1.9-இல், அதாவது 2015-இல், வழி வந்தது. அப்படிச் சொன்னால், யாராவது மாற்றி அனுப்பினாலும் ஜாங்கோ அதைத் தள்ளிவிட்டுப் பழைய மதிப்பையே வைத்துக் கொள்ளும். (டிஸேபிள்டு சமம் ஃபால்ஸ் என்று ஹெச்.டி.எம்.எல்-லில் எழுதினாலும் கட்டம் பூட்டியேதான் கிடக்கும். அந்தச் சொல் இருந்தாலே போதும், மதிப்பை அது பார்ப்பதில்லை. லேபில் இதனால் தலையைப் பிய்த்துக் கொண்டவர்கள் உண்டு.)

சரி, தமிழுக்கு வருவோம். பெயர்க் கட்டத்துக்கு மேக்ஸ்லெங்த் 10 என்று வைத்தால் 'தமிழ்ச்செல்வி' உள்ளே போக மாட்டாள். நமக்கு அது ஏழு எழுத்து. கம்ப்யூட்டருக்கோ கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி, ஆக 13. விண்ணப்பம் எந்த மொழியில் என்று தெரிந்தபின் அளவையும் மாற்றலாமே! ஆனால் இது ரெக்வயர்டு மாதிரி சுலபமில்லை. கட்டம் உருவாகும்போதே அளவு திரைப் பண்பிலும் சோதனையிலும் பதிந்துவிடுகிறது. பிறகு கட்டத்தில் எண்ணை மாற்றினால் அவை இரண்டும் மாறாது. கட்டத்தையே புதிதாகச் செய்து அந்த இடத்தில் வைப்பதுதான் நல்லது.

பேட்டர்ன் இன்னும் மோசம். ஆங்கிலத்தின் ஏ முதல் இஸட் வரை என்று எழுதினால் தமிழ்ப் பெயர் ஒன்றுகூட நுழையாது. கொஞ்சம் விவரமானவர்கள், எந்த மொழி எழுத்தானாலும் சரி என்று யூனிகோடின் 'எழுத்து' வகையைப் போடுவார்கள். அப்போதும் 'கலா' வெளியேதான் நிற்பாள்! யூனிகோட் கணக்கில் துணைக்கால் எழுத்து இல்லை, குறி. எழுத்து வகையோடு குறி வகையையும் சேர்த்துப் போட வேண்டும். இன்ஷியலுக்காக ஒரு புள்ளிக்கும் ஒரு இடைவெளிக்கும் மறக்காமல் இடம் விட வேண்டும்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு மாணவர் சேர்க்கை, விடுதி, நூலகம் என்று எடுத்திருக்கும் தோழர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ரிப்போர்ட்டை பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் நாலு பெயரை அடித்துப் பாருங்கள். இன்ஷியலே இல்லாத ஒற்றைப் பெயர் ஒன்று, இரண்டு இன்ஷியல் உள்ளது ஒன்று, தமிழில் அடித்த தமிழ்ச்செல்வி, குடும்பப் பெயரோடு வரும் வடநாட்டு நண்பர் ஒருவர். முதலில் திரையில் அடியுங்கள். பிறகு டெவலப்பர் டூல்ஸில் போர்டையெல்லாம் கழற்றிவிட்டு இன்னொரு முறை அனுப்பிப் பாருங்கள்.