சுமைதாங்கி எங்கே?

தலைச்சுமையோடு நடப்போர் இளைப்பாறச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள் நம் முன்னோர். இணையவழிக் கல்விப் பாதையில் அந்தக் கல் எங்கே?

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு இளங்கலையில் சேர்ந்த நான், மாமல்லபுரத்தை அடுத்த எங்கள் குப்பத்தில் ஒரே கைபேசியைத் தம்பியோடு பங்கிட்டுப் படித்தேன். காலையில் கரை திரும்பும் அப்பாவுக்கு வலையிலிருந்து மீன் பிரித்துக் கொடுக்க வேண்டும். பத்து மணிக்கு வகுப்பு. ஐந்து பாடம், ஐந்து ஒப்படைப்பு, எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளிக்கிழமை கெடு! ஓர் ஆசிரியர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. எனக்கு உறக்கம் கெட்டது. என் தோழன் ஒருவன் படிப்பையே விட்டுச் செங்கற்பட்டில் கடை வேலைக்குப் போனான், திரும்பவேயில்லை.

2021 சனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜி.பி. இணையத் தரவை அரசு இலவசமாக வழங்கியது. வழி கிடைத்தது, சுமை குறையவில்லை.

மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தபாலில் வந்த பாடம், வேலைக்குப் போனவர் வீடு திரும்பும் வரை காத்திருந்தது. தொலைநிலைக் கல்வியின் சிறப்பே அதுதானே!

இன்று வகுப்பறைகள் திறந்திருக்கின்றன. எனினும் 'ஸ்வயம்' போன்ற இணையவழிப் பாடங்கள் தொடர்கின்றன. 'நேரத்தைத் திட்டமிடு' என்று மாணவனுக்கு மட்டும் சொன்னால் போதுமா? பேராசிரியப் பெருமக்களே, ஒப்படைப்புகளுக்குத் துறைதோறும் ஒரே அட்டவணை வையுங்கள். வாரத்துக்கு இரண்டு போதும். மாணவ நண்பர்களே, இயலாதபோது வாய்திறந்து சொல்லுங்கள், மௌனமாக விலகிவிடாதீர்கள்.

சுமக்க நாங்கள் மறுக்கவில்லை. சற்றே இறக்கி வைக்க ஒரு கல் கேட்கிறோம்.