பாய்லரா, ஹீட் பம்பா? பில்லைப் பார்த்துட்டு பேசுங்க சாமி!

2024 டிசம்பர். லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் சித்தியிடமிருந்து போன். "டேய், கேஸ் பாய்லர் செத்துப் போச்சுடா. ரெண்டு நாளா எல்லாரும் கம்பளியைப் போத்திக்கிட்டு கிச்சன்லயே குடித்தனம். ஹீட் பம்ப் போட்டா கவர்மெண்ட் 7,500 பவுண்டு தருதாமே? நீ பி.காம். தானே, கணக்குப் போட்டுச் சொல்லேன்." டெபிட் எது, கிரெடிட் எதுன்னே இன்னும் முழுசா பிடிபடாத நமக்கு இப்படி ஒரு சோதனை :-)

உட்கார்ந்து தேடினால் ரெண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டி, "குளிர் நாட்டுக்கு ஹீட் பம்ப் உதவாது, சுத்த ஏமாத்து" என்கிறது. இன்னொரு கோஷ்டி, "உடனே மாத்துங்க, பூமியும் பிழைக்கும், பில்லும் பாதியாகும்" என்கிறது. ரெண்டு பேருமே பில்லைப் பார்க்காமல் பேசுகிறார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

முதல் கோஷ்டியை முதலில் கவனிப்போம். உங்க வீட்டு பிரிட்ஜின் பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள், சுடும். உள்ளே இருக்கும் வெப்பத்தை இழுத்து வெளியே தள்ளுவதால் வரும் சூடு அது. ஹீட் பம்ப் செய்வதும் அதே வேலைதான், கொஞ்சம் பெரிய அளவில். வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் தள்ளும். வெப்பத்தை உண்டாக்காமல் வெறுமனே இடம் மாற்றுவதால், 1 யூனிட் கரண்டுக்கு 3 யூனிட் வெப்பம் கிடைக்கிறது. நன்றாகப் பொருத்தினால் 4 கூட வரும். குளிரில் ஓடாது என்பவர்கள் நார்வேயைப் பார்க்கட்டும். அங்கே பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் ஹீட் பம்ப் ஓடுகிறது. இங்கிலாந்துக்கும் இது புதுசில்லை. 1945லேயே நார்விச் நகரத்தில் ஜான் சம்னர் என்ற இன்ஜினியர் ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பம் எடுத்து ஒரு கட்டிடத்தைச் சூடாக்கிக் காட்டிவிட்டார். ஆக, மெஷின் மேல் குற்றமில்லை.

இப்போ ரெண்டாவது கோஷ்டி. பில் பாதியாகுமா? 2024 அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆஃப்ஜெம் வைத்திருந்த உச்சவரம்பு விலை: கரண்ட் யூனிட்டுக்கு 24.5 பென்ஸ், கேஸ் 6.24 பென்ஸ். கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம். ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு 10,000 யூனிட் வெப்பம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

90 சதவீதத் திறனோடு ஓடும் கேஸ் பாய்லர்: சுமார் 693 பவுண்டு.
ஒன்றுக்கு 2.8 தரும் சுமாரான ஹீட் பம்ப்: 875 பவுண்டு.
ஒன்றுக்கு 3.5 தருவது: 700 பவுண்டு.
ஒன்றுக்கு 4 தருவது: 613 பவுண்டு.

பார்த்தீங்களா? நல்ல மெஷினை நல்லா மாட்டினால்கூட கேஸோடு மல்லுக்கட்டி டிரா செய்யத்தான் முடிகிறது. மோசமாக மாட்டினால் நஷ்டம். அடுப்பையும் கரண்டுக்கு மாற்றி கேஸ் கனெக்‌ஷனையே வெட்டிவிட்டால் தினசரி நிலைக்கட்டணம் மிச்சம், அது வருஷத்துக்குச் சுமார் 115 பவுண்டு. பில் பாதியாகும் என்று சொன்னவர் எந்தக் கால்குலேட்டரில் போட்டாரோ தெரியவில்லை.

நிற்க. கரண்ட் ஏன் நாலு மடங்கு? இங்கேதான் நம்ம காஸ்டிங் பாடம் வருகிறது. காற்றாலைகளுக்கும் சோலாருக்கும் கொடுத்த மானியத்தை 2002லிருந்து கரண்ட் பில்லில் ஏற்றியே வசூல் செய்தார்கள். கேஸ் பில்லின் மேல் அந்தச் சுமை விழவில்லை. விளைவு என்ன? அந்தக் காசில்தான் பிரிட்டன் கரண்ட் சுத்தமானது. 2024 செப்டம்பர் 30ல் கடைசி நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டது. ஆனால் அந்தச் சுத்தமான கரண்டைப் பயன்படுத்தி வீட்டைச் சூடாக்குகிறவனுக்கு அபராதம், கேஸ் எரிக்கிறவனுக்குச் சலுகை. ஒரு கையால் 7,500 பவுண்டு கொடுத்துவிட்டு, இன்னொரு கையால் மாசாமாசம் பிடுங்குவதற்குப் பெயர் ஊக்கத்தொகையா? தொட்டிலையும் ஆட்டி, பிள்ளையையும் கிள்ளுகிற கதை.

"அப்போ சுமையைக் கேஸ் மேல் ஏற்றட்டுமா? ஏழைகள் வீட்டிலும் கேஸ்தானே எரிகிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் சொல்கிறேன், அதை எந்த பில்லிலும் ஏற்றாதீர்கள், பொது வரியிலிருந்து கொடுங்கள். வரியாவது சம்பாதிப்பவனிடம் அதிகம் வாங்கும். பில் எல்லாரிடமும் ஒரே மாதிரி வாங்கும். 2025 நவம்பர் பட்ஜெட்டில் அந்தப் பழைய மானியச் செலவில் வீடுகளின் பங்கில் 75 சதவீதத்தை மூன்று வருடத்துக்கு அரசே ஏற்பதாக அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் ஹீட் பம்ப் பதினைந்து வருஷம் ஓடுகிற சாமான். மூணு வருஷ உத்தரவாதத்தை நம்பி எவன் முதல் போடுவான்? கரண்ட் விலை கேஸ் விலையைப் போல மூணு மடங்கில் நிரந்தரமாக நின்றால், மேலே சொன்ன 700 பவுண்டு 535 ஆகும். அப்புறம் விளம்பரமே தேவையில்லை.

"இதெல்லாம் நடக்கிற காரியமா" என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. வடகடலில் எரிவாயு கிடைத்ததும், 1967லிருந்து 1977க்குள் பிரிட்டனில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் அடுப்பு, ஹீட்டர் எல்லாவற்றையும் புது கேஸுக்கு மாற்றிக்கொடுத்தார்கள். தெருத்தெருவாக ஆள் அனுப்பினார்கள். "நீயே ஆராய்ச்சி பண்ணி, நீயே ஆள் தேடி, நீயே கடன் வாங்கு" என்று எந்தப் பாட்டியிடமும் சொல்லவில்லை. இன்றைக்கு 2028ல் வருஷத்துக்கு 6 லட்சம் ஹீட் பம்ப் என்று இலக்கு வைத்தவர்கள், 2024ல் விற்றது சுமார் ஒரு லட்சம்தான்.

சித்தி கதை என்னாச்சு? ஹீட் பம்புக்கு ஒருத்தர் கொடுத்த கொட்டேஷன் 13,000 பவுண்டு. மானியம் போக 5,500. ரேடியேட்டர் மாற்றணும், சுடுதண்ணி டேங்குக்கு இடம் ஒதுக்கணும், ஆள் வர ஆறு வாரம். ரேடியேட்டருக்கு எத்தனை டிகிரியில் தண்ணீர் ஓடும், அந்தச் சூட்டில் ஒன்றுக்கு எத்தனை கிடைக்கும் என்று கேட்கச் சொன்னேன். அதுதான் லாபமா நஷ்டமா என்று தீர்மானிக்கும் கேள்வி. பதில் வரவில்லை. கேஸ் பாய்லர்காரர் 2,800 பவுண்டு சொன்னார். மறுநாளே வந்தார்.

சித்தி பாய்லரைத்தான் போட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் குழந்தை நடுங்கும்போது யாரும் பதினைந்து வருஷக் கணக்குப் போட மாட்டார்கள். அந்தக் கணக்கைப் போட வேண்டியது அரசாங்கம். அது போடாததால் அந்த பாய்லர் 2040 வரை ஈஸ்ட் ஹாமில் எரிந்துகொண்டிருக்கும்.

டிஸ்கி: பாய்லர் இன்னும் உயிரோடு இருப்பவர்கள், அது சாகும் முன்பே கோடைக்காலத்தில் கொட்டேஷன் வாங்கி வையுங்கள். தண்ணீர்ச் சூடு கேள்வியை மறக்காமல் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவருக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள் :-)