கன்றுக்குட்டி தின்ற சத்துமாவு

போன வாரம் சாரல் கொஞ்சம் வெறித்திருந்த நேரம், பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டு மருமகள் கழுநீர்த் தொட்டியில் ஒரு பாக்கெட் மாவைக் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது, பால்வாடி மாவு மாதிரி இருக்கே?"

"ஆமாக்கா. பிள்ளை திங்க மாட்டக்கான். வீணாப் போகுதேன்னு கன்னுக்குட்டிக்குப் போடுதேன்."

அவள் பிள்ளைக்குப் பத்து மாசம். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதே மாவில் வீட்டில் எல்லோருக்கும் அடை சுட்டவள்தானே நானும்!

ஆனால், சகோதரிகளே, கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். அங்கன்வாடிகளை நடத்தும் குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ல் தொடங்கியது. 2017-ல் மத்திய அரசு நிர்ணயித்த தொகை, ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் 9 ரூபாய் 50 காசு. நம் மாநிலத்தில் இதில் பாதி டில்லி தருகிறது. மீதி பாதி சென்னை. விலைவாசி ஏறிக்கொண்டே போக, தொகையைக் கூட்டுவோம் என்ற அறிவிப்பு 2025 பட்ஜெட்டில்தான் வந்தது. எட்டு ரூபாயில் என்ன வாங்கலாம் என்று நமக்குத் தெரியாதா? ஒரு பிள்ளைக்கே இழுத்துப் பிடிக்கிற காசு. அதை ஐந்து பேர் பங்கு போட்டால் யாருக்குமே பத்தாது.

1956-ல் காமராஜர் மதிய உணவு போட்டார், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொடுத்தார். இத்தனைக்கும் பிறகு 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் 25 பேருக்கு வயசுக்கேற்ற உயரமில்லை. பாதிக்கு மேல் ரத்தசோகை!

இதில் தாயை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. தினம் ஒரே ருசி என்றால் எந்தப் பிள்ளைதான் வாய் திறக்கும்? பாக்கெட்டைக் கொடுப்பதோடு, எப்படிக் கொடுப்பது என்று செய்து காட்டவும் ஆளும் நேரமும் வேண்டும். அதற்கும் காசு வேண்டும்.

நம் பங்குக்குச் சில காரியம் செய்யலாம். மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, கெட்டிக் கஞ்சியாகக் காய்ச்சி, மசித்த வாழைப்பழமும் ஒரு சொட்டு நெய்யும் சேர்த்து ஊட்டுங்கள். அப்படியும் பிள்ளை துப்பினால், பேசாமல் வாங்கி வராமல் டீச்சரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால், நோட்டில் பிள்ளை சாப்பிட்டதாக இருக்கும். தராசில் எடை ஏறாது. மாசாமாசம் எடை போடத் தவறாதீர்கள். கிராம சபை கூடும்போது, "எங்கள் பால்வாடிக்கு என்ன வந்தது, என்ன வரவில்லை?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

மறுநாள் அந்த வீட்டில் நானே கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். நாலைந்து வாய் இறங்கியது. கன்றுக்குட்டிதான் பாவம், தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றது!