மணிப்பூருக்கு எதுக்கு சார் லேப்?

காலை வாக்கிங் முடிந்து ஒரகடம் கூட்ரோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை தன் பட்ஜெட்டில் 10 சதவீதத்தை வடகிழக்கு மாநிலங்களுக்கு ஒதுக்குகிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். நண்பர் சீறிவிட்டார். "அந்த மலைக்காட்டில் செல்லையும் ஜீனையும் ஆராய்ஞ்சு என்ன ஆகப்போகுது சார்? எல்லாம் நம்ம வரிப்பணம்!"

எனக்கும் கோபம் வந்தது. 1996-ல் ஹூண்டாய் வருவதற்கு முன் நம்ம பக்கம் என்ன இருந்தது? ஏரியும் வயலும்தானே? அரசு நிலம் கொடுத்தது, வரிச்சலுகை கொடுத்தது. "இந்தப் பட்டிக்காட்டுக்கு எதுக்கு?" என்று அன்று யாராவது கேட்டிருந்தால் சும்மா இருந்திருப்போமா?

இம்பாலில் 2001-ல் ஓர் உயிர்வள ஆய்வு நிறுவனம் தொடங்கினார்கள். நமக்கு இட்லி மாவு மாதிரி அவர்களுக்கு ஹவாய்ஜார், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்வது. அதிலுள்ள நுண்ணுயிர்களை டிஎன்ஏ வரை போய் ஆராய்ந்தார்கள். அதை அங்கே செய்யாமல் டில்லியிலா செய்வது? மாதிரிகளை மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். கரண்ட் போனால் பல வருட உழைப்பு வீண். மலையில் செலவு கூடத்தான் செய்யும்.

இங்கே இரண்டே வருடத்தில் கார் வெளியே வந்தது. ஆராய்ச்சிக்கு இருபது வருடம்கூட ஆகலாம். கணக்குக் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் சலுகையில் வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம், "கொடுக்காதே" என்று மட்டும் சொல்லக் கூடாது.