வர்த்தக ஒப்பந்தங்களின் யோக்கியதை

தேசத்துக்குத் தேசம் செய்து கொள்ளும் வர்த்தக ஒப்பந்தங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது பெரிய வியாபாரிகள் விஷயம், நமக்கெதற்கு?" என்று நம்மவர்களில் பலர் ஒதுங்கி விடுகிறார்கள். படித்தவர்களோ, "எங்கே மலிவோ அங்கே வேலை தானாகப் போகும், அது இயற்கை" என்று நமக்கு உபதேசம் செய்கிறார்கள். முதற்கூற்று அறியாமை, இரண்டாவது சுத்தப் பித்தலாட்டம் என்பதை எடுத்துக் காட்டவே இதை எழுதுகிறோம்.

துணி விஷயத்தையே எடுத்துக் கொள்வோம். 1974-ல் பல்லிழை ஒப்பந்தம் என்பதாக ஒன்று அமுலுக்கு வந்தது. ஏழை தேசங்களிலிருந்து இவ்வளவு சட்டைதான் வரலாம், இவ்வளவு கால்சட்டைதான் வரலாம் என்று பணக்கார தேசங்கள் தேசவாரியாக அளவு கட்டுவதற்கே அது ஏற்பட்டது. சுதந்திர வியாபாரம் என்று ஊருக்கெல்லாம் உபதேசித்தவர்கள், தங்கள் ஆலைக்கு ஆபத்து என்றவுடன் கதவைச் சாத்திக் கொண்டார்கள். நம் திருப்பூர் வியாபாரிகள் 2004 முடிய 'கோட்டா', 'கோட்டா' என்று அலைந்ததெல்லாம் இந்த அளவுக்காகத்தான்.

இதன் பலன் என்ன? தென் கொரியாவுக்கு அளவு கட்டியாய் விட்டது. அளவு கட்டப்படாத தேசம் எது என்று அந்நாட்டு முதலாளிகள் தேடினார்கள். வங்க தேசம் அகப்பட்டது. 1979-ல் தேவூ கம்பெனி, அங்குள்ள தேஷ் கம்பெனியோடு சேர்ந்து, 130 பேரைக் கொரியாவுக்கு அழைத்துப்போய்த் தொழில் கற்பித்தது. ஏற்றுமதிக்கென்று தையல் தொழிலே அநேகமாக இல்லாதிருந்த அந்த தேசம், இன்று உலகத்துக்கே சட்டை தைத்து அனுப்புகிறது. வளர்ந்ததைக் கண்டதும் 1985-ல் அமெரிக்கா அதற்கும் அளவு கட்டிற்று! இது இயற்கையா? தலையெழுத்தா? அல்லது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து மனிதர்கள் எழுதிய எழுத்தா?

நிற்க, பிறப்பிட விதி என்று மற்றொன்று இருக்கிறது. மனிதனைப் பார்த்து "நீ எங்கே பிறந்தாய்?" என்று கேட்டு மேல் கீழ் வகுப்பது போதாதென்று, சட்டையையும் அப்படியே கேட்கிறார்கள். 2001-ல் ஐரோப்பிய யூனியன், மிகவும் பின்தங்கிய தேசங்களின் சரக்குக்கு, ஆயுதம் நீங்கலாக, வரியில்லை என்று பறையறைந்தது. ஆனால் வங்க தேசத்தார் சீனத் துணியை வாங்கித் தைத்தால் அந்தச் சலுகை கிடையாது. நெய்வதும் தைப்பதும் இரண்டும் விதிப்படி நடந்திருக்க வேண்டும். 2011-ல், தைத்தால் மாத்திரம் போதும் என்று திருத்தினார்கள். அதே ஜனங்கள், அதே மிஷின். மாறியது காகிதத்தில் ஒரு வரி. அவ்வொரு வரிதான் எந்த ஊர்த் தறிக்கு வேலை, எந்த ஊர்த் தறிக்குப் பட்டினி என்று தீர்மானிக்கிறது.

2013 ஏப்ரல் 24-ந் தேதி டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா இடிந்து 1,100-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். முதல் நாளே சுவரில் வெடிப்புக் கண்டும் அவர்களை உள்ளே அனுப்பினார்கள். பிறப்பிடச் சீட்டில்லாத ஒரு மூட்டைக்கு வரிச்சலுகை கிடையாது; வெடித்த சுவருக்குள் தைத்த சட்டைக்கு மாத்திரம் தாராளமாகக் கிடைத்தது. நூலின் பிறப்பை விசாரித்தவர்கள், தைத்தவளின் உயிரை ஏன் விசாரிக்கவில்லை என்று கேட்கிறோம்.

"கூலி விஷயத்தை வர்த்தக ஒப்பந்தத்தில் எழுத முடியுமா?" என்பார்கள். முடியும். 2020-ல் அமுலுக்கு வந்த அமெரிக்கா, மெக்சிகோ, கனடா ஒப்பந்தத்தில், வரிச்சலுகை வேண்டுமானால் மோட்டார் காரின் மதிப்பில் 40 சதவீதம் மணிக்கு 16 டாலருக்குக் குறையாத கூலி வாங்குகிறவர்கள் கையால் ஆகியிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். இதை அமெரிக்கா கருணையால் எழுதவில்லை; தன் தேசத்து வேலை வெளியே போகாதிருக்கவே எழுதிற்று. ஆனாலும், எழுத மனமிருந்தால் எழுதலாம் என்பதற்கு இதைவிட வேறு ருஜு வேண்டியதில்லை.

ஆகவே, தோழர்களே! கையெழுத்தாவதற்கு முன்பே ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் ஜனங்களுடைய பாஷையில் அச்சிட்டு வெளியிட வேண்டும் என்றும், கூலியும் கட்டிடப் பத்திரமும் சங்க உரிமையும் நூலின் பிறப்பிடத்தைப் போலவே கண்டிப்பான நிபந்தனையாக வேண்டும் என்றும் நீங்கள் கேளுங்கள். நமக்குத் தெரியாமல் நம் பிழைப்பை எழுதுகிறவர்கள் இருக்கும் வரை, "நமக்கெதற்கு?" என்று ஒதுங்குவது நம் கழுத்தை நாமே நீட்டுவதேயாகும்.