சட்டம் அறிவோம்: வாக்குத் தவறுதலும் வஞ்சகமும்



இராயபுரம் முதல் எண்ணூர் வரை, கப்பலின் சங்கொலி கேட்டே வளர்ந்த பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. "கப்பலில் வேலை வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னதும் தாயின் நகை அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. வேலை வராமல் காவல் நிலையம் சென்றாலோ, "இது கொடுக்கல் வாங்கல் விவகாரம், உரிமையியல் நீதிமன்றம் செல்லுங்கள்" என்ற பதில் கிடைப்பதுண்டு. அப்பதில் எப்போது சரி, எப்போது தவறு?

முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 415, 420ஆம் பிரிவுகளில் இருந்த ஏமாற்றுக் குற்றம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் அமைந்துள்ளது. ஏமாற்றிப் பொருளைப் பெற்றால் 7 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் உண்டு. அதற்கு மூன்று கூறுகள் மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

முதலாவது, ஏமாற்றுதல். உண்மையை நேர்மையின்றி மறைப்பதும் இதில் அடங்கும். இரண்டாவது, அதனால் தூண்டப்பட்டே பணம் கைமாறியிருத்தல். மூன்றாவது, வாங்கும் அந்த வேளையிலேயே உள்ளத்தில் வஞ்சகம் இருத்தல்.

மூன்றாவதே உயிர்நாடி. 1860ஆம் ஆண்டுச் சட்டம் அவுரிச் செடியை வைத்து இதனை விளக்கியது. தரும் எண்ணமே இல்லாமல் "அவுரி தருகிறேன்" என்று முன்பணம் பெறுபவன் குற்றவாளி. தரும் எண்ணத்துடன் பெற்றுப் பின்னர் ஒப்பந்தத்தை மீறியவன் மீது உரிமையியல் வழக்கு மட்டுமே செல்லும். ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் (2000) உச்ச நீதிமன்றமும் இதையே வலியுறுத்தியது: பின்னர் வாக்குத் தவறியது ஒன்றைக் கொண்டே தொடக்கத்தில் வஞ்சகம் இருந்ததாகக் கொள்ள இயலாது.

உள்ளத்தில் இருந்ததை எவ்வாறு காட்டுவது? அன்றைய செயல்களைக் கொண்டுதான். கடலோடிகளுக்கு வேலை தேடித்தரும் நிறுவனம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, வேலைக்கென்று கடலோடியிடம் கட்டணம் வாங்கவும் கூடாது. உரிமம் இல்லாதவர் "உண்டு" என்று கூறிப் பணம் பெற்றாலோ, போலி நியமனக் கடிதம் காட்டினாலோ, பொய் அன்றே பிறந்துவிட்டது. இத்தகைய புகாரை வெறும் கடன் விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. காவல் நிலையம் பதிய மறுத்தால், உயர் அதிகாரிக்கு எழுத்து மூலம் அஞ்சலில் அனுப்பலாம். அதற்கும் பயனில்லையெனில் நடுவர் நீதிமன்றத்தை நாடலாம்.

ஆகவே பணத்தை வங்கி வழியே கொடுங்கள், ரசீது பெறுங்கள், கடிதங்களையும் கைப்பேசிச் செய்திகளையும் அழிக்காதீர்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிக்கிறது. அதற்குச் சற்று முன்னே, 280ஆம் வசனம், நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு அவகாசம் தரச் சொல்கிறது. தொழிலில் உண்மையாகவே நொடித்துப்போன சகோதரரை மோசடிக்காரர் என்று காவல் நிலையத்துக்கு இழுப்பதும் அநீதியே.

வஞ்சிப்பதிலிருந்தும் வஞ்சிக்கப்படுவதிலிருந்தும் அல்லாஹ் நம்மைக் காத்தருள்வானாக! ஆமீன்.